இரண்டாவது கையெழுத்து

தம்பி,

படிவத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்று மூன்று முறை தொலைபேசியில் கேட்டாய். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று மூன்று முறையும் சொன்னேன். மொத்தமே இரண்டு பக்கம். ஆங்கிலம் எனக்கு நன்றாகத் தெரியும். போதாததற்கு ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் தமிழிலும் எழுதி அனுப்பியிருந்தாய். பதினோரு நாளாக அது என் மேசை இழுப்பறையில், மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் அதன் நகல் மின்னஞ்சலில் போய்ச் சேராவிட்டால் உன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். அது தெரிந்தும் ஒரு நாள் அந்தக் காகிதம் எலி கடித்துப் போயிருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்தேன். நம் வீட்டு எலிகூட அதைத் தொடவில்லை.

உன் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் இப்போது விளக்கம் சொல்லப் பழகிவிட்டேன். பயணச் சீட்டும் தங்கும் அறையும் பதிவு செய்கிற செயலி ஒன்றை நடத்தும் டோக்கியோ நிறுவனம். ஜப்பானிய மொழி தெரிந்த முதுகலை மாணவர்களை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். ஆட்களைச் சந்தித்து, அவர்கள் ஒரு பயணத்தை எப்படி முடிவு செய்கிறார்கள், எந்த இடத்தில் கைவிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுகிற ஆய்வு. இவ்வளவு தூரம் சரி. உனக்கென்று கொடுத்த கேள்விதான் என்னை உட்காரவிடவில்லை. கடலோர விடுதி ஒன்றைப் பார்த்து, தேதி குறித்து, அறையைத் தேர்ந்து, கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டவர்கள் ஏன் அந்தப் பொத்தானை அழுத்தாமல் போய்விடுகிறார்கள்? இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் அந்தக் கடற்கரையிலேயே தங்க வேண்டும் என்றாய். அந்த ஊரின் பெயரை நீ உற்சாகமாக எழுத்துக் கூட்டிச் சொன்னாய். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் அதைத் தேடி எடுத்தேன். விடுதிக்கும் தண்ணீருக்கும் நடுவே என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. தினமும் ஒரு தடவை எடுத்து அளக்கிறேன். ஏதோ நான் பார்க்காதபோது கடல் இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதுபோல.

அந்த நாட்டில் வேலைக்குச் சேருகிறவருக்காக இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவது வழக்கம் என்று சொன்னாய். முதல் இடம் அப்பா அல்லது அம்மாவுக்கு. இரண்டாவது இடம், வேறு வீட்டில் வசிப்பவராகவும் உன்னைச் சிறு வயதிலிருந்து அறிந்தவராகவும் இருக்கிற ஒருவருக்கு. "ரெண்டாவதுக்கு மாமாவப் போடச் சொல்லுங்கப்பா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். உன் மாமா புதுமனை புகுவிழாவில் தன் மேலதிகாரியை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, கூடப் பிறந்தவளின் புருஷனை, பிரெஞ்சு மொழியில் எம்.ஏ. வாங்கியவனை, 'கொஞ்சம் இருங்க மச்சான், அடுத்த பந்தி' என்று சுவரோரம் நிற்க வைத்தவர். எட்டு வருடம் ஆகிறது. நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை. ஆனால் அவரிடம் நான் போகாததற்குக் காரணம் அந்தப் பந்தி அல்ல. இந்தத் தடவை என்னிடம் அதைவிடப் பெரிய காரணம் இருந்தது.

கையெழுத்து என்றால் உன் தாத்தாவைப் பற்றி நான் என்ன பேசுவேன் என்று உனக்கு மனப்பாடம். பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரை விட்டுப் போனபோது, அவர்கள் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா காகிதத்தை வாங்கிவந்து வைத்துக்கொண்டு, பட்டாளத்தில் இழுத்துக்கொள்வார்களோ, நிலத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து பயந்தே அவகாசத்தை ஓட்டிவிட்டார். சித்தப்பாவின் பிள்ளைகள் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். டிசம்பரில் வந்து நம் வீட்டு வாசலைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் அவர்களைவிட நல்ல பிரெஞ்சு பேசுவேன். பொதுப்பணித்துறையில் கோப்புகளுக்கு எண் போடுகிறேன். ஒரு கோழையின் மகன் என்று என்னை நானே சொல்லிக்கொண்டு முப்பது வருடம் அவரைத் திட்டியிருக்கிறேன். அவர் படுத்த படுக்கையாக இருந்தபோதும் திட்டினேன். போன வாரம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உன் படிவத்தின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. எழுந்து போய்விட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது இந்த வேலைக்காக ஆட்களைக் கேள்வி கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாய். முறையையும் விளக்கினாய். 'செய்வீர்களா' என்று கேட்கக் கூடாது, 'கடைசியாகச் செய்தபோது என்ன நடந்தது' என்றுதான் கேட்க வேண்டும். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஆட்கள் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார்கள் என்றாய். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, "அப்பா, சுனாமி அன்னிக்குக் காலைல நடந்தத மட்டும் சொல்லுங்க. என்ன நெனச்சீங்கங்கறது வேணாம். என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாய். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். கடல் பார்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், தண்ணீர் வந்தது, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீ தலையை ஆட்டினாய். பிறகு சும்மா இருந்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். உன் அம்மா அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நீ சும்மாவே இருந்தாய். "டேங்க் நெறஞ்சிருக்கும், மோட்டாரை நிறுத்திட்டு வர்றேன்" என்று எழுந்து மாடிக்குப் போனேன். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. உனக்குக் கேட்க வேண்டுமே என்று மோட்டாரை நிறுத்தினேன். மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வராமல் உன் அம்மா என்னைத் திட்டியது ஞாபகம் இருக்கிறதா?

தேர்வான அன்று நீ தொலைபேசியில் சொன்னது இது. "நேர்காணல்ல அந்தக் கதையச் சொன்னேன்ப்பா. அப்பா தோள்ல இருந்த ஈரத்துணி வாசனைகூட எனக்கு ஞாபகம் இருக்குன்னு சொன்னேன். கேள்வி கேட்ட அந்தம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. அதுக்காகத்தான் எடுத்திருப்பாங்கன்னு நெனைக்கிறேன்." நீ சிரித்தாய். நான் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா சந்தோஷத்தில் அப்படி என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தம்பி, அந்தத் தோள் என்னுடையது இல்லை.

அது மார்கழி மாதம். உன் அம்மா மார்கழியில் வீட்டில் மீன் சேர்க்க மாட்டாள், உனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று போலகம் போயிருந்தாள். அவள் ஊரில் இல்லை என்ற தைரியத்தில், நாலு வயதுப் பிள்ளையான உன்னை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்து, கிளிஞ்சல்மேட்டுக் கரைக்கு மீன் வாங்கப் போனேன். அவள் வருவதற்குள் பொரித்துத் தின்றுவிட்டுச் சட்டியைக் கழுவி வைத்துவிடலாம் என்பது திட்டம். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின் மேல் உன்னை உட்கார வைத்துவிட்டு, அங்கே மீனைக் குவித்து வைத்திருந்த ஒரு பெண்ணிடம் சங்கரா மீனுக்குப் பேரம் பேசினேன். அவள் ஒரு விலை சொன்னாள், நான் குறைத்தேன், அவள் 'ஆபீசருக்கெல்லாம் பேரம் கெடையாது சார்' என்று சிரித்தாள். ஒயர் கூடையில் மீனைப் போட்டு வாங்கினேன். அப்போது கடல் உள்ளே போயிருப்பதை எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு யாரோ கத்தினார்கள். ஓடினேன். எவ்வளவு தூரம் ஓடினேன் என்று சொல்லத் தெரியவில்லை. ரோட்டுக்கு ஏறியபிறகுதான் கையில் கனம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். மீன் கூடை இருந்தது. நீ இல்லை.

திரும்பிப் போகப் பார்த்தேன் என்று எழுதலாம். எழுதினால் நீ நம்புவாய். நாலு அடி வைத்தேன், தண்ணீர் தெருவுக்குள் வருவதைப் பார்த்து நின்றுவிட்டேன். அதுதான் நடந்தது. தண்ணீர் வடிந்து நான் தெருத்தெருவாக அலைந்து, ஒரு மாடி வீட்டு மொட்டை மாடியில் உன்னைப் பார்த்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அந்த மீன்காரப் பெண்ணின் இடுப்பில் இருந்தாய். நனைந்த அவள் சேலைத் தலைப்பை உன்மேல் சுற்றியிருந்தாள். நான் கையை நீட்டியபோது நீ வரவில்லை. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாய். பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "பத்திரமா கூட்டிக்கிட்டுப் போங்க சார்" என்றாள். நான் அவள் பெயரைக் கேட்கவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் படியிறங்கினேன். சாயங்காலம் உன் அம்மா போலகத்திலிருந்து அலறிக்கொண்டு வந்தாள். கடற்கரைக்கு ஏன் போனீர்கள் என்று அவள் கேட்டதும் முதலில் என் வாயில் வந்தது, 'பிள்ளைக்குக் கடல் காட்ட' என்பதுதான். மீனை மறைக்கச் சொன்ன பொய் அது. அதற்கு மேல் அவள் கேட்கக் கேட்க, அதன்மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் உன்னை என் தோளிலும் ஏற்றிவிட்டேன். அன்று முழு ஊரும் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது காய்ச்சலோடு உன் அம்மாவுடன் கிளம்பி வந்திருந்த என் மாமனார் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தார். வாழ்க்கையில் யாரும் என்னை மெச்சியதில்லை, தம்பி. அதைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண்ணை உனக்குத் தெரியும். நம் கோவில்பத்துத் தெருவில் வாரம் இரண்டு நாள் மீன் கொண்டுவருகிற அஞ்சலைதான். வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, "தம்பி நல்லா இருக்கா சார்?" என்று கேட்டாள். நான் கேட்டைச் சாத்தினேன். அவளிடம் வாங்காதே, எல்லாம் ஐஸ் மீன், நாலு நாள் பழசு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். தெருவிலும் சொன்னேன். அவளுடைய வியாபாரம் அதனால் எவ்வளவு கெட்டது என்று நான் யோசித்ததில்லை. அவள் வாய் திறக்குமுன் அவள் பேச்சை யாரும் நம்பாதபடி செய்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் குறி. எட்டாம் வகுப்பு படிக்கும்போது நீ அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாய் என்று உன்னை அறைந்தேனே, ஏன் என்று அன்று இரண்டு முறை கேட்டாய். இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன்.

உன் படிவத்தில், 'இவரை நான் நன்கு அறிவேன். இவருக்கு நான் பொறுப்பு' என்று இருக்கிறது. அந்த வரியில்தான் நான் பதினோரு நாள் நின்றேன். பயம் ஒன்றல்ல. அந்த ஊர்க் கடல் ஒரு பயம். நீ போய்விட்டால் திரும்பி வரமாட்டாய் என்பது ஒரு பயம். போகாமல் இங்கேயே இருந்து ஒரு நாள் அஞ்சலையிடம் உட்கார்ந்து கேள்வி கேட்பாய், பதில் வந்தபின் சும்மா இருப்பாய் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேடு போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் கடைசி வரிசையில் இருந்தது அவளுடையது. வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். வழி தவறி வந்துட்டீங்களா? இல்ல ஐஸ் மீனு எதும் வேணுமா?"

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். "உள்ள வாங்க. நின்னுக்கிட்டே இருந்தா கடங்காரன் வந்துருக்கான்னு நெனச்சுக்கும் சனம்" என்றாள். உள்ளே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். விஷயத்தைச் சொன்னேன். நீ ஜப்பானுக்குப் போவது, இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டியது, உன்னைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர் வேண்டும் என்பது. அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னன்னு போட்டுருக்கு?" என்றாள். நீ பென்சிலில் எழுதியதை வாசித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் தூக்குனப்ப இப்புடில்லாம் எழுதி யாரும் கேக்கலியே சார்."

கைரேகை வைக்கிற மைப்பெட்டி ஒன்றை நான் அலுவலகத்திலிருந்து கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து அதை எடுத்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அதை உள்ள வைங்க. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கேன். கைநாட்டுன்னு நெனச்சிட்டீங்களா?" வைத்துவிட்டேன். "வீட்ல தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நான் யாருகிட்டயும் சொல்லல." தெரியும் என்றேன். "பின்ன எதுக்கு சார் கேட்டச் சாத்துனீங்க? நான் என்ன, கூலி கேக்கவா வந்தேன்? புள்ள எவ்வளவு வளந்துருக்குன்னு பாக்கத்தான வந்தேன்."

நான் ஓடியதை அவள் பார்த்தாளா என்று கேட்டேன். இருபது வருடமாக எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பார்த்தேன் என்றாள். "கூடையோட ஓடுனீங்க. எல்லாருந்தான் ஓடுனோம். நானும் ஓடத்தான் செஞ்சேன். போற வழியில ஒங்க புள்ள இருந்தான்." என்னைத் தேற்றுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. பள்ளிச் சீருடையில் ஆறேழு வயதுப் பெண் குழந்தை, மேலே பிளாஸ்டிக் மாலை. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "எந்த எடத்துல போடணும், காட்டுங்க" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினாள். அந்தக் குழந்தை யார் என்று நான் கேட்கவில்லை. இதையும் கேட்காமல்தான் வந்தேன். நீ கேட்பாய். உனக்குக் கேட்கத் தெரியும், கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் தெரியும்.

வீட்டுக்கு வந்து முதல் இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வங்கியில் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவு கோணல். பிறகு உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்தபோது, "மார்கழியில மீன் வாங்கவா போனீங்க?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்று அஞ்சலையின் குரல் கேட்டதும் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். இரண்டு பேரும் வெகுநேரம் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மீன் குழம்பு வைத்து, எனக்கும் தட்டில் போட்டாள். என்னோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ சனிக்கிழமை வரும்போது படிவம் உன் அறை மேசையில் இருக்கும். இந்தக் கடிதம் அதன் மேலேயே இருக்கும். நீ அந்த நிறுவனத்தாரிடம் சொன்னது பொய் என்று இப்போது உனக்குத் தெரியும். அதை அவர்களிடம் திருத்திச் சொல்வதா என்பதை நீ முடிவு செய். சொன்னால் இடம் போய்விடுமோ என்று இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. போனாலும் அது உன் பிழை இல்லை. யார் கேட்டாலும் நானே எழுதிக் கொடுக்கிறேன். உன் அத்தைக்கும் மாமாவுக்கும்கூட இதைக் காட்டலாம், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. படிவத்தில் இரண்டாவது பெயருக்கு எதிரே 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, "அவனையே கேட்டு எழுதிக்குங்க" என்றாள் அஞ்சலை.

நீ கிளம்பும் அன்று பேருந்து நிலையத்துக்கு நான் வரவேண்டாம் என்றால் அம்மாவிடம் சொல்லிவிடு, அவள் வருவாள். அந்தக் கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், முதல் நாளே, விடுதிக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறுகிற வழி எது என்று கேட்டு ஒரு தடவை நடந்து பார்த்துவிடு. கடல் உள்ளே போனால் வேடிக்கை பார்க்க நிற்காதே. யாருக்காகவும் நிற்காதே, திரும்பிப் பார்க்காதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பயந்த அப்பா வேறென்ன எழுதுவான். ஆனால் அப்படி ஓடாத ஒருத்தியால்தான் இந்தக் கடிதத்தைப் படிக்க நீ இருக்கிறாய். அதனால் ஓடு, தம்பி. போகிற வழியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஓடு.

அப்பா